‘அப்ளை’ பண்ணும் முன் வேரைப் பிடியுங்கள்

“எஸ்.எஸ்.சி.க்கு அப்ளை பண்ணிட்டியா? பேங்க்குக்கு?” திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. இந்த ஒரு வினைச்சொல்லை ஒழுங்காகப் படித்தாலே இங்கிலீஷ் செக்‌ஷனில் உங்கள் கை ஓங்கும்.

எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மார்க். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மார்க் போகும். நீங்கள் மனப்பாடம் செய்யும் அதே கைடைத்தான் பக்கத்து ரூம்காரரும் மனப்பாடம் செய்கிறார். அவரை முந்த வேண்டுமானால் படிக்கும் முறையை மாற்றுங்கள்.

1. வேரிலிருந்து தொடங்குங்கள். லத்தீனில் ‘ப்ளிகாரே’ என்றால் மடிப்பது. ‘நோக்கி’ எனப் பொருள்படும் ‘அட்’ முன்னால் சேர்ந்து ‘அப்ளிகாரே’ ஆனது: ஒன்றை இன்னொன்றோடு ஒட்டவைப்பது, பொருத்துவது. கப்பலைக் கரையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் ரோமானியர் இதே சொல்லைச் சொன்னார்கள். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. புண்ணில் மருந்து தடவுவது, ஒரு விதி பொருந்துவது, படிப்பில் மனத்தைச் செலுத்துவது, வேலைக்கு விண்ணப்பிப்பது எல்லாமே ‘அப்ளை’தான். நான்கு அர்த்தங்களைத் தனித்தனியாக உருப்போட வேண்டாம். ‘பொருத்துவது’ என்ற ஒன்றைப் பிடித்தால் போதும்.

2. குடும்பத்தோடு படியுங்கள். ‘ரிப்ளை’ திருப்பி மடிப்பது. ‘இம்ப்ளை’ உள்ளே மடித்து வைப்பது, அதாவது நேராகச் சொல்லாமல் உணர்த்துவது. ‘எக்ஸ்ப்ளிசிட்’ மடிப்பைப் பிரித்துக் காட்டியது. ‘காம்ப்ளிகேட்’ சேர்த்து மடித்துச் சிக்கலாக்குவது. ‘மல்டிப்ளை’ பல மடங்காக்குவது. நம் ‘மடங்கு’ம் மடிப்பில் பிறந்ததுதான் என்பதால் தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இது இன்னும் எளிது. பஸ்கள் ஓடுவதைக் குறிக்கும் ‘ப்ளை’, ‘அப்ளை’யின் தலை தேய்ந்த வடிவம். ஐ.டி. கம்பெனியில் தினமும் கேட்கும் ‘டிப்ளாய்’ இதே வம்சம். ‘எம்ப்ளாய்’ என்பதும் ‘இம்ப்ளை’ பிறந்த அதே லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். நீங்கள் அப்ளை பண்ணுகிறீர்கள், கம்பெனி எம்ப்ளாய் பண்ணுகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்று.

3. ஒலியை நம்பி ஏமாறாதீர்கள். ‘காம்ப்ளை’, ‘சப்ளை’ இரண்டும் இந்தக் குடும்பம் இல்லை. அவை ‘நிரப்புவது’ என்ற வேரில் பிறந்தவை. மூன்று பிரதி எடுக்கும் ‘ட்ரிப்ளிகேட்’ இந்தக் குடும்பம்தான். ஆனால் நம் பேட்டையின் ஆங்கிலப் பெயரான ‘ட்ரிப்ளிகேன்’ திருவல்லிக்கேணியின் திரிபு. ஊகித்ததை அகராதியில் சரிபார்த்த பிறகே நோட்டில் ஏற்றுங்கள். டக்ளஸ் ஹார்ப்பர் உருவாக்கிய ‘எடிமான்லைன்’ சொற்பிறப்பு அகராதி போனிலேயே இலவசம். அச்சுப் புத்தகம்தான் வேண்டுமென்றால், அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகம் இங்கிருந்து நடக்கிற தூரம்.

4. ப்ரிபொசிஷனில் கோட்டை விடாதீர்கள். வேலைக்கு ‘அப்ளை ஃபார்’. நிறுவனத்துக்கு ‘அப்ளை டு’. பிழை கண்டுபிடிக்கும் கேள்விகள் குறிவைப்பது இந்த மாதிரி இடங்களைத்தான். ‘அப்ளைடு த ஜாப்’ என்று மெயில் அனுப்பினால் முதல் வரியிலேயே உங்கள் இம்ப்ரெஷன் போய்விடும்.

ஆங்கிலம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் சொத்து என்று நினைத்து ஒதுங்குபவர்கள் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியைத் தெரிந்துகொள்ள வேண்டும். வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் 1869இல் பிறந்தவர். இதே திருவல்லிக்கேணியில் ஹிந்து ஹைஸ்கூலின் தலைமையாசிரியராக இருந்தார். சொல்லை எடை போட்டுப் பேசும் பழக்கம் அவரை 1921இல் லண்டன் இம்பீரியல் மாநாடுவரை கொண்டுசென்றது. காந்தியின் சுயசரிதை ஆங்கில மொழிபெயர்ப்பைத் தன் பெயர் வெளியே தெரியாமல் திருத்திக் கொடுத்தவரும் அவரே. அந்தத் துல்லியத்துக்குக் காசு தேவையில்லை, தினசரிப் பழக்கம் போதும்.

5. கடைசியாக, உங்கள் ரெஸ்யூமே. ஒரே பிரதியை ஐம்பது கம்பெனிகளுக்கு ஃபார்வர்டு செய்வது அப்ளை பண்ணுவது ஆகாது. வேலை விளம்பரத்தை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்கும் ஒவ்வொரு தகுதிக்கும் நீங்கள் செய்த ஒரு வேலையைப் பொருத்திக் காட்டுங்கள். எதனோடும் பொருந்தாத வரியை அடித்துவிட்டு, பிறகு ‘சென்ட்’ பட்டனை அழுத்துங்கள்.