ரெண்டு பக்கம் பார்த்துக் குடும்மா

ஆறாவது ஆண்டில் போட்டிருக்க வேண்டிய விண்ணப்பத்தை எட்டாவது ஆண்டில்தான் போட்டேன். காரணம், இரண்டு நாள் வேலை. கூலி 600 டாலர்.

அமெரிக்காவில் யூனியனுக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான தகராறை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் நடுவர் நான். இந்தத் தொழிலில் பெரிய முத்திரை, நேஷனல் அகாடமி ஆஃப் ஆர்பிட்ரேட்டர்ஸ் உறுப்பினர் என்பது. 1947இல் தொடங்கிய அமைப்பு. பரீட்சை எழுதி உள்ளே போக முடியாது. தொடர்ந்து ஆறு ஆண்டுக்குள், கணக்கில் சேரும் எழுத்துத் தீர்ப்பு 60 இருக்க வேண்டும். இதுதான் பொதுவான அளவுகோல். ‘கணக்கில் சேரும்’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். விசாரணைக்கு முந்தின நாள் இரு தரப்பும் சமாதானமாகிப் போன கேஸ் சேராது. விமானச் சீட்டு வாங்கி, பெட்டி கட்டி, கடைசியில் ‘ராசியாகிவிட்டோம்’ என்று வந்த மின்னஞ்சல்களை எண்ணினால் எனக்கே அழுகை வரும்.

பயிற்சி, அரசின் சமரச சேவையான எஃப்.எம்.சி.எஸ். பட்டியலில் பெயர் சேர்ப்பது, மூத்தவர் விசாரணையில் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது, இதெல்லாம் எல்லாரும் செய்வதுதான்.

கஷ்டம் வேறு இடத்தில். ஒரு தகராறு வந்தால் எஃப்.எம்.சி.எஸ். ஏழு நடுவர் பெயர் அனுப்பும். யூனியன் ஒரு பெயரை அடிக்கும், நிர்வாகம் ஒன்றை அடிக்கும், மாறி மாறி. மிஞ்சுகிற பெயருக்குக் கேஸ். தீர்ப்பு எழுதத் தெரிந்து என்ன பயன், அடிபடாமல் மிஞ்ச வேண்டுமே! ஐந்தாம் ஆண்டு முடிவில் என் கணக்கு 51.

அப்போதுதான் தமிழ்ச் சங்கத்து அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் மனிதவள மேலாளர். “எம்ப்ளாயீ ஹேண்ட்புக் மாத்தி எழுதறோம்மா. ஒழுங்கு நடவடிக்கை பத்தி ரெண்டு பக்கம் இருக்கு, பார்த்துக் குடும்மா.” நான் தயங்கினேன். என் மூத்த நடுவர் ஒருவரிடம் கேட்டேன். “இதெல்லாம் ஒரு விஷயமா?” என்று சிரித்தார். அவருக்கு என்ன, நூற்றுக்கணக்கில் தீர்ப்பு எழுதிவிட்டவர்.

அது விஷயம்தான். ஒரு தரப்புக்கு ஆலோசகராக இருப்பவரையும் எஃப்.எம்.சி.எஸ். விதி வழக்காடுபவர் கணக்கில்தான் வைக்கிறது. அகாடமியும் 1976க்குப் பிறகு சேர்ந்தவர்கள் யூனியனுக்கோ நிர்வாகத்துக்கோ ஆலோசனை வேலை பார்ப்பதை ஏற்பதில்லை. விதி எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு பக்கம் ஆலோசனை ஆகுமா என்று எனக்கு நானே வாதாடி, எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து வேறொரு கம்பெனி வழக்கு. ஹோட்டல் அறையில் விசாரணை, ஜக்கில் தண்ணீர்கூட இன்னும் ஊற்றவில்லை. யூனியன் பிரதிநிதி அண்ணன் கம்பெனியின் கையேட்டைத் திறந்து என் முன்னால் தள்ளினார். கடைசிப் பக்கத்தில் ‘நன்றி’ என்ற தலைப்பின் கீழ் மூன்றாவது பெயர் என்னுடையது. அண்ணன் அன்பில் போட்டுவிட்டார். “மேடம், இது நீங்கதானே?” அந்தம்மாள் குரலில் கோபமே இல்லை, அதுதான் சுட்டது. நான் வழக்கிலிருந்து விலகிக்கொண்டேன்.

விலகியதோடு போகவில்லை. யூனியன்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள். அடுத்த 14 மாதத்தில் எனக்குக் கிடைத்த தீர்ப்பு மூன்று. பிறகு மெல்ல மெல்ல அழைப்பு வந்தது. ஆனால் ஆறு ஆண்டுக் கணக்கு நகர்ந்துகொண்டே போகுமே. முதல் ஆண்டில் நாய்படாத பாடுபட்டு வாங்கிய ஐந்து தீர்ப்பும் ஒவ்வொன்றாகக் காலாவதியாயின. இந்தப் பக்கம் ஒன்று ஏறும், அந்தப் பக்கம் ஒன்று உதிரும். அப்படி உதிர்ந்ததில் ஒன்று, பதினெட்டு வருடம் வேலை பார்த்த பஸ் டிரைவரை மறுபடி பணியில் சேர்க்கச் சொன்ன தீர்ப்பு. நான் எழுதியதில் ஆகச் சிறந்தது அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

அந்த 600 டாலர் செக்கைப் பிறகு திருப்பி அனுப்பினேன். கையேட்டில் அச்சான பெயரை யார் திருப்பித் தருவது?

எனக்கு இப்போது உறுப்பினர் கடிதம் வந்துவிட்டது. அண்ணன் பொங்கல் விழாவில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் ஓவர்டைம் பாலிசி ஒன்றைப் பார்த்துத் தரமுடியுமா என்றார். முடியாது அண்ணா என்றேன். அன்றிலிருந்து அவர் மனைவிகூட என்னோடு பேசுவதில்லை. இந்த வழியில் வரப்போகிறவர்களே, உங்களுக்கும் ஓர் அண்ணன் வருவார். பணம் வாங்காமல் செய்து கொடுத்தால் பரவாயில்லையா என்று என்னிடம் கேட்டு மட்டும் எழுதாதீர்கள்.