இரண்டு சாவிகள்

கும்பகோணம்,
தை 12.

சிரஞ்சீவி மகள் தேன்மொழிக்குப் பெரியப்பா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது.  

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்துக்குள்ளேயே சம்பளத்தில் ஒரு பகுதியை மிச்சம் பிடித்துச் சேமிப்புக் கணக்கொன்றில் போட்டு வருகிறாய் என்பதறிந்து மிகவும் சந்தோஷம். அந்தக் கணக்கைக் கைப்பேசிச் செயலியின் மூலம் நிர்வகிப்பதா, கணினியில் பிரவுசர் மூலம் நிர்வகிப்பதா என்று விடுதித் தோழியர் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடுவதாகவும், ஒருத்தி செயலியை அடியோடு நீக்கச் சொல்ல, மற்றொருத்தி பிரவுசர் பக்கமே போகாதே என்று பயமுறுத்துவதாகவும் எழுதி, என் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தாய். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் உழைத்து, அதில் பாதிக்கு மேல் ஹெட் கேஷியராக இருந்தவன் நான். காலையில் ஸ்ட்ராங் ரூமைத் திறப்பதற்கு என்னிடமிருந்த சாவி மட்டும் போதாது. அக்கவுண்டண்டிடமிருந்த சாவியும் கூடவே திரும்பியாக வேண்டும். அவர் வரும் பஸ் தாமதித்த நாட்களில், கவுண்டருக்கு வெளியே ஜனங்கள் முணுமுணுக்க, உள்ளே நான் கைகட்டி நின்றிருக்கிறேன். புதிதில் இது எங்கள் இருவரிடமும் நிர்வாகத்துக்குள்ள அவநம்பிக்கை என்று நினைத்து மனம் வருந்தியதுண்டு. மனிதன் யோக்கியனாக இருப்பது வேறு, அவனை மற்றவன் ஏமாற்ற முடியாதிருப்பது வேறு என்பதும், இரண்டாவதற்காகவே அந்த ஏற்பாடு என்பதும் பிற்பாடுதான் விளங்கின. உன் கேள்விக்கும் அந்த இரண்டு சாவிகளைக் கொண்டுதான் விடை சொல்லப்போகிறேன்.

முதலில் செயலி. அதன் அனுகூலங்கள் அற்பமல்ல. நீ எந்த விலாசத்தையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. அதிகாரபூர்வமான செயலிக் கடையிலிருந்து ஒருமுறை சரியாக இறக்கிவிட்டால், அது நேரே உன் வங்கியோடுதான் பேசும். பெரும்பாலான வங்கிகள் உன் சிம்மையும் கைப்பேசியையும் சேர்த்துப் பதிவு செய்துகொள்வதால், உன் கடவுச்சொல் எவனுக்காவது தெரிந்துவிட்டாலும், அவன் தன் கைப்பேசியிலிருந்து உன் கணக்குக்குள் சுலபமாக நுழைந்துவிட முடியாது. ஆனால் குறையும் அங்கேயே இருக்கிறது. பெட்டகமும், அதன் சாவியும், இரண்டாவது சாவியாகிய ஓ.டி.பி. வந்து விழும் சிம்மும் ஒரே கருவிக்குள் அடங்கிவிடுகின்றன. கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும், வங்கியின் கே.ஒய்.சி. என்றும் பெயர் சூட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் ஏ.பி.கே. என்னும் செயலிக் கோப்பு ஒன்றை அசட்டையாகத் திறந்து, அது கேட்ட அனுமதிகளையும் கொடுத்துவிட்டால், குறுஞ்செய்தியைப் படிப்பவனும் திரையைப் பார்ப்பவனும் ஒரே திருடன் ஆகிவிடுகிறான்.

அடுத்தது பிரவுசர். கணினியில் கணக்கைத் திறந்து, ஓ.டி.பி.யைக் கைப்பேசியில் பெறும்போது இரண்டு சாவிகளும் மறுபடியும் இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஒரு கருவி கெட்டுப்போனாலும் மற்றொன்று காவலுக்கு நிற்கிறது. பெரிய திரையில் கணக்கு விவரத்தை நிதானமாகப் படிக்கலாம் என்பதும், பணம் பெறுபவரின் பெயரையும் எண்ணையும் இருமுறை ஒப்பிடலாம் என்பதும் கூடுதல் லாபம். ஆனால் செயலியில் இல்லாத ஓர் அபாயம் இங்கே உண்டு: வாசலே போலியாக இருக்கலாம்.

இதில் நானே அகப்பட இருந்தவன். ஒருநாள் சோம்பேறித்தனமாக வங்கியின் பெயரைத் தேடுபொறியில் இட்டு, முதலில் வந்த விளம்பரத்தைச் சொடுக்கினேன். அதே சின்னம், அதே நிறம், பூட்டின் படம்கூட இருந்தது. அந்தப் பூட்டு, நாம் அனுப்புவதை வழியில் பிறர் படிக்க முடியாது என்று சொல்லுமே தவிர, எதிரே இருப்பவன் யோக்கியன் என்று சொல்லாது. கடவுச்சொல்லைக் கேட்ட பக்கம், உடனேயே ஏ.டி.எம். அட்டையின் பின் நம்பரையும் கேட்டது. ஒரே ஆளிடம் இரண்டு சாவியையும் கேட்கிறவன் வங்கிக்காரனாக இருக்க மாட்டானே என்று பழைய ஹெட் கேஷியருக்குச் சட்டென்று உறைத்தது, மூடிவிட்டேன். இன்று இதற்கு ஒரு பரிகாரம் ஏற்பட்டிருக்கிறது. நம் நாட்டு வங்கிகளின் இணைய விலாசங்கள் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாறியாக வேண்டுமென ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த எழுத்துகள் நடுவில் எங்கோ இருந்தால் போதாது. தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டு, அதன்பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் விலாசம் அவற்றோடு முடிய வேண்டும். ஒருமுறை சரிபார்த்து, புக்மார்க்காகச் சேமித்து, என்றும் அதன் வழியாகவே போ.

ஆகவே உனக்கு நான் உசிதமென்று கருதுவது இது. சம்பளக் கணக்கில் மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் வைத்து, அதற்குச் செயலியையும் யு.பி.ஐ.யையும் தாராளமாக உபயோகி. அது இடுப்பில் செருகிய சுருக்குப் பை. சேமிப்புக் கணக்கை யு.பி.ஐ.யோடு இணைக்காமல், அதன் செயலியையும் வைத்துக்கொள்ளாமல், கல்லூரி நாளில் உன் அப்பா வாங்கித் தந்த மடிக்கணினியில் மட்டும் திற. அது ஸ்ட்ராங் ரூம். அலுவலகக் கணினியும் தோழியின் கணினியும் உனக்கு அந்நியம் என்று வைத்துக்கொள். சொந்தக் கணினி பழுதாகிவிட்டால், இரவல் கணினியைவிட அந்தச் செயலியைத் தற்காலிகமாக உன் கைப்பேசியில் இறக்கிக்கொள்வதே மேல். ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகையின் வரம்பைக் குறைத்து வை. கைப்பேசிக்குப் பூட்டுப் போடுவதோடு நில்லாமல் சிம்முக்கும் தனியே பின் நம்பர் வைத்துவிடு.

இன்னொன்றையும் நினைவில் வை. 1906-ல் சென்னையில் அர்பத்நாட் வங்கி முறிந்தபோது, அதை நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போட்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் தெருவில் நின்றன. அத்தகைய வீழ்ச்சிக்கு மருந்தாக 1962 முதல் வைப்புத்தொகைக் காப்புறுதி வந்து, 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு இருக்கிறது. ஆனால் அது வங்கி விழுந்தால் கிடைக்கும் காப்பே தவிர, நீயே சாவியைக் கொடுத்துவிட்டால் கிடைப்பதல்ல.

எத்தனை ஜாக்கிரதையாக இருந்தும் தவறு நேர்ந்தால், வெட்கப்பட்டு ஒளிக்காதே. உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் பேசிவிடு. தவறு உன்னிடமும் இல்லாமல் வங்கியிடமும் இல்லாமல் மூன்றாமவனால் நேர்ந்திருக்குமானால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் இல்லை என்பது 2017-ல் ரிசர்வ் வங்கி இட்ட கட்டளை. ஓ.டி.பி.யை நாமே சொல்லிவிட்டிருந்தால், தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் நம்முடையது. ஆகையால் அங்கே ஒவ்வொரு நிமிஷமும் பணம்.

மாசி மகத்துக்கு வரும்போது மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு வா. இவ்வளவும் உனக்கு உபதேசம் செய்து முடித்த பிறகுதான் கவனித்தேன்: என் ஓய்வூதியக் கணக்கின் செயலியும், அதற்கு ஓ.டி.பி. வருகிற சிம்மும், அட்டையின் பின் நம்பரைக் குறித்துவைத்த துண்டுக் காகிதமும், மூன்றும் என் சட்டையின் ஒரே பையில்தான் இருக்கின்றன. காகிதத்தை இப்போதே கிழித்துவிட்டேன். மற்றதை நீ வந்து பிரித்து வை.

இப்படிக்கு,
உன் பெரியப்பா.