வரப்போரக் கீழாநெல்லி

தஞ்சை மாவட்டத்தில் மழை பெய்ததும் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தானே முளைப்பது கீழாநெல்லி. களையென்று பிடுங்கி எறியப்படும் இதைத்தான் மஞ்சள் காமாலை கண்டதும் ஊரெல்லாம் தேடுவார்கள்.

செடி ஓர் அடி, ஒன்றரை அடி உயரம் வளரும். இலைகளுக்கு அடியில் சிறு காய்கள் வரிசையாகத் தொங்கும். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டியிருந்தால் அது செங்கீழாநெல்லி, வேறு இனம்.

செடியை வேருடன் கழுவி அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு மோரில் கலந்து காலையில் கொடுப்பது நாட்டு வைத்திய வழக்கம். ஆனால் எந்த வரப்பில் பறித்தது என்று பார்ப்பவர் குறைவு. இப்போது வரப்புக்கும் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் காற்றில் வந்து படியும். அந்தச் செடி நோயாளிக்கு ஆகாது.

சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1988-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வில், 30 நாள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு பி வகைக் காமாலைக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்திருந்தது. பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் இந்தப் பலன் கிட்டவில்லை. கெட்ட குடிநீரால் வரும் ஏ வகைக் காமாலையோ பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். பெயர் பச்சிலைக்குப் போய்விடும்!

ஆகவே கண் மஞ்சளித்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. கர்ப்பிணிக்குக் காமாலை கண்டாலோ, நோயாளி நினைவு தடுமாறினாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கீழாநெல்லி வேண்டுவோர் மருந்து படாத கொல்லையில் ஒரு பாத்தி ஒதுக்கலாம். விதை மிகப் பொடி. மணலுடன் கலந்து தூவிப் பூவாளியால் நீர் தெளிக்கவும்.