எய்ட்ஸ் நோயாளரும் செவிலியர் அறிய வேண்டுவனவும்

செவிலியர் பணிக்கு அன்பே அடிப்படை என்பர். எனினும், எய்ட்ஸ் நோயாளரைப் பேணுவதற்கு அன்பு மட்டும் போதாது. தெளிந்த அறிவும் இன்றியமையாதது. அறிவில்லாத இடத்தில் அச்சம் குடியேறும்; அச்சமோ செவிலியரையும் காப்பதில்லை, நோயாளியையும் காப்பதில்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழகத்திலேதான். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஆராயப்பட்டன. பின்னர், 1990களில் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை இந்நோயாளர்க்குப் புகலிடமாயிற்று. அன்று முதல் இன்று வரை செவிலியர் அறிய வேண்டுவனவற்றை நான்காகத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, பரவும் வழி. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பிறர்க்கிட்ட ஊசி, தாயிடமிருந்து சேய் ஆகிய வழிகளிலேயே இக்கிருமி பரவுகிறது. கைப்பிடித்து ஆறுதல் கூறுவதாலோ, உணவூட்டுவதாலோ பரவுவதில்லை.

இரண்டாவது, முன்காப்பு. தொற்றிய தொடக்க வாரங்களில் பரிசோதனையிலும் அது புலப்படாமற் போகலாம். ஆகவே, ஒரு கட்டிலுக்கு மட்டும் அடையாளமிடுவது நோயாளியை இழிவுபடுத்துமேயன்றி எவரையும் காக்காது. யாருடைய இரத்தமாயினும் கையுறை அணிந்தே கையாளுதல் வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிடலாகாது.

மூன்றாவது, ஊசி குத்திவிட்டால் செய்ய வேண்டுவது. தொற்றுள்ள ஊசி குத்தினும் கிருமி பற்றுவது ஆயிரத்தில் ஏறத்தாழ 3 முறையே. காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, உடனே மருத்துவரை அணுக வேண்டும். தடுப்பு மருந்தை இயன்ற விரைவில், 72 மணி நேரத்திற்குள் தொடங்கி, 28 நாள்கள் உட்கொள்ள வேண்டும்.

நான்காவது, மறைகாத்தல். கூட்டு மருந்து 2004 முதல் அரசு மையங்களில் இலவசமாக வழங்கப்படுகிறது. அதனை நாள் தவறாது உண்போர் நெடுங்காலம் நலமுடன் வாழ்கின்றனர். ஆனால் பட்டுக்கோட்டை போன்ற ஊர்களில் செவிலியரும் நோயாளியும் ஒரே தெருவினராய் இருத்தல் கூடும். செய்தி கசிந்தால் நோயாளி நாணி மருந்து வாங்க வருவதையே நிறுத்திவிடுவார். அது அவர் உயிருக்கே இறுதியாகலாம். நோயாளியின் இசைவின்றி அவர் நிலையை வெளியிடுதல் பொதுவாகக் கூடாதென 2017ஆம் ஆண்டுச் சட்டமும் விதித்துள்ளது.

செவிலியப் பயிற்சிக்குச் செல்லும் மாணவியரும், அவர்களை அனுப்பி வைக்கும் பெற்றோரும் இந்நான்கினையும் நெஞ்சிற் கொள்வார்களாயின், அஞ்சி ஒதுங்கும் கைகள் அணைத்துக் காக்கும் கைகளாகும் என்பதில் ஐயமில்லை.