இசைத்தட்டுத் தொகுப்பும் மறைந்த பாடல்களும்

ஒரு பொருள் உலகத்தில் இருத்தல் வேறு. அது பலரால் அறியப்படுதல் வேறு. குன்றிமணி குப்பையிற் கிடந்தாலும் நிறம் மங்காது என்பர் நம் முன்னோர். நிறம் மங்காதென்பது உண்மையே. ஆயினும் குனிந்து எடுப்பார் ஒருவர் இல்லையேல் அந்நிறத்தால் யாருக்கு என்ன பயன்? ஒரு நாட்டின் ஒதுக்கிடங்களில் வழங்கும் பாடல்களின் நிலையும் இதுவே. அவை பாடப்பெற்றன, இசைத்தட்டுக்களிற் பதியப்பெற்றன, கடைகளில் விற்கவும் பெற்றன. அங்ஙனமிருந்தும் கால் நூற்றாண்டுக்குள் அவை மறக்கப்பட்டன. பின்னர் ஒருவர் அவற்றுட் சிலவற்றைப் பொறுக்கி நிரல்படுத்திய பிறகே உலகம் செவி சாய்த்தது. அத்தகைய தொகுப்பொன்றின் வரலாற்றை ஆராய்ந்து, தொகுப்பின் வாயிலாக இசை பயிலும் முறை யாதென அறிதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

தொகுத்தலின் அருமை தமிழ் பயிலும் மாணவர்க்குப் புதிதன்று. சிதறிக் கிடந்த தனிப்பாட்டுக்களைத் தொகை நூல்களாக ஒருவர் சேர்த்து வையாதிருந்தால், சங்கப் புலவர் பலர் பெயரும் நமக்கு எட்டியிராது. இயற்பெயர் மறைந்து, தாம் பாடிய சொற்றொடராலேயே அறியப்படும் செம்புலப்பெயனீரார் போன்றோரைக் குறுந்தொகை நமக்குக் காட்டுகின்றது. ஏட்டுக்கு உரிய இச்செய்தி இசைத்தட்டுக்கும் உரியதாதலை மேலே காண்போம்.

நாம் எடுத்துக்கொண்டது 'அமெரிக்க நாட்டுப்பாடல் தொகுப்பு' என்னும் பொருள்படும் பெயருடையது. 1952-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து ஃபோக்வேஸ் நிறுவனம் அதனை வெளியிட்டது. அதில் 84 பதிவுகள் உள்ளன. முதற்பகுதி கதைப்பாடல்கள் 27. இரண்டாம் பகுதி கூத்துக்கும் வழிபாட்டுக்கும் உரியவை 29. மூன்றாம் பகுதி தனிப்பாடல்கள் 28. தொகுத்தவர் ஹாரி ஸ்மித் என்பவர். ஒரிகன் மாகாணத்துப் போர்ட்லண்டில் 1923-ல் பிறந்த அவருக்கு அப்பொழுது முப்பது வயது நிரம்பவில்லை. அவர் புதிதாக ஒரு பாடலையும் பதிவு செய்தாரல்லர். பிறர் வேண்டாவெனக் கழித்த தட்டுக்களையே தேடிச் சேர்த்தார்.

அத்தட்டுக்கள் முதலிற் பிறந்தது எவ்வாறு? 1920-க்குப் பின் வானொலி பரவவே, நகரத்தார் தட்டு வாங்குவது குறைந்தது. ஆகவே நிறுவனங்கள் நாட்டுப்புறத்து மக்களை நாடின. 1925-ல் மின்சார முறையிற் குரலைப் பதியும் கருவி வழக்கத்திற்கு வந்தமையால் பதிவின் தெளிவும் மிகுந்தது. 1927-ஆம் ஆண்டுக் கோடையில் ரால்ஃப் பியர் என்பவர் விக்டர் நிறுவனத்தின் பொருட்டு டென்னெஸி மாகாணத்துப் பிரிஸ்டல் நகரில் தங்கி, சுற்று வட்டாரத்து மலைநாட்டுப் பாடகரைப் பாடச் செய்து பதிந்தார். உழவரும் சுரங்கத் தொழிலாளரும் ஆலைக் கூலிகளும் அக்காலத்தில் ஒலிவாங்கியின் முன் நின்றனர். அவர்கள் தம்மைக் கலைஞரென்று கருதியவரல்லர். மூன்று நிமிடத்திற்குள் ஒரு பாடலை முடித்து, கிடைத்த கூலியைப் பெற்றுக்கொண்டு தத்தம் தொழிலுக்குத் திரும்பினர். 1929-ல் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சி இவ்வணிகத்தையும் வீழ்த்தியது. 1932-க்குள் இத்தகைய பதிவுகள் பெரும்பாலும் நின்றுபோயின.

நின்றுபோனதோடு கேடு ஒழியவில்லை. இத்தட்டுக்கள் நம் நாட்டுக் காடுகளில் அரக்குப் பூச்சி தரும் பிசினோடு கல்தூளும் கரியும் கலந்து வார்க்கப்பட்டவை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடல்வழி இடையூறுற்றமையால் அரக்குக்குப் பஞ்சம் வந்தது. 1942-ல் அமெரிக்க அரசாங்கத்தார் தட்டுச் செய்வதற்குரிய அரக்கை மிகவும் குறைத்துக் கட்டளையிட்டனர். அதன்மேற் பழைய தட்டுக்களை உருக்கிப் புதியன செய்யத் தொடங்கினர். ஒரு கிழவியின் குரல் உருகி மறுநாள் ஒரு நகரத்து நடனப் பாட்டாகியது. உருக்குவதற்கெனக் குவிக்கப்பட்ட குவியல்களிலிருந்தே ஸ்மித் தம் தட்டுக்களிற் பலவற்றை மீட்டார். பின்னர் வறுமையால் அவற்றை விற்க எண்ணி ஃபோக்வேஸ் நிறுவனத் தலைவராகிய மோசஸ் ஆஷ் என்பாரிடம் சென்றார். அவரோ அவற்றினின்று ஒரு தொகுப்பை அமைக்குமாறு ஸ்மித்தையே ஏவினார். 1948-ல் தோன்றிய நீண்ட நேரத் தட்டு ஒரு பக்கத்திற் பல பாடல்களை அடக்கவல்லதாதலின் இப்பணி கைகூடிற்று.

இனி, தொகுப்பின் அமைப்பைக் கருதுவோம். சேர்த்து வைத்தல் மாத்திரம் தொகுப்பாகாது, அது குவியலேயாம். கதைப்பாடற் பகுதியில் ஸ்மித் கடல் கடந்து வந்த பழைய பாடல்களை முன் வைத்தார். அவற்றின்பின், 1881-ல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டது, 1912-ல் டைட்டானிக் கப்பல் மூழ்கியது போன்ற உள்நாட்டு நிகழ்ச்சிகளைப் பாடுவனவற்றை வைத்தார். இயந்திரத்தால் தொழிலிழந்த செருப்புத் தொழிலாளியின் பாட்டும், பருத்தியைத் தின்னும் வண்டின் பாட்டும், கடன்பட்ட குடியானவன் பாட்டும் அப்பகுதியில் இடம் பெற்றன. வரிசையாகக் கேட்பவர், யாரும் உரைநடையில் எழுதாத ஒரு நாட்டு வரலாற்றைக் காதால் அறிவர்.

அதனினும் பெரியது ஒன்றுண்டு. நிறுவனங்கள் நீக்ரோவர் பாடிய தட்டுக்களையும் வெள்ளையர் பாடியவற்றையும் வெவ்வேறு பட்டியலிற் பிரித்தே விற்றன. ஸ்மித் இரண்டையும் கலந்து அடுக்கினார். பாடுவோர் நிறத்தை அவர் தம் குறிப்பேட்டில் உரைக்கவில்லை. அதனாற் கேட்போர் பலர் யார் எந்நிறத்தவர் என்று அறியாது மயங்கினர். அம்மயக்கமே தெளிவாயிற்று. பட்டியல்கள் பிரித்த இரு சாராரும் ஒரே பாட்டை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று வாழ்ந்தவர் என்பதைச் செவியே சான்றாக நின்று உணர்த்திற்று.

இத்தொகுப்பால் நேர்ந்த பயன் பலவாயினும் இரண்டை மட்டும் கூறுவோம். மிசிசிப்பி மாகாணத்து ஜான் ஹர்ட் என்பவர் 1928-ல் சில தட்டுக்கள் பாடியவர். அவர் பாடல்கள் இரண்டு இத்தொகுப்பில் உள்ளன. அவர் இறந்திருப்பார் என்றே பலரும் எண்ணினர். அவருடைய வேறொரு தட்டில், தம் ஊர் அவலான் என்னும் குறிப்பு வருகின்றது. அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு டாம் ஹாஸ்கின்ஸ் என்னும் இளைஞர் 1963-ல் அவ்வூரைத் தேடிச் சென்றார். எழுபது வயதை எட்டிய ஹர்ட் பண்ணை வேலை செய்துகொண்டு அங்கேயே இருந்தார். அவ்வாண்டே நியூபோர்ட் இசைவிழாவில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார். செம்புலப்பெயனீரார்க்குப் பாட்டின் சொல் பெயராயிற்று. ஹர்ட்டுக்குப் பாட்டின் சொல் வழிகாட்டியாயிற்று. அவ்வாறே 1927-ல் பாடிய டாக் பாக்ஸ் என்னும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியை, இத்தொகுப்பிற் பயின்ற இசைஞராகிய மைக் சீகர் வர்ஜீனியாவில் அதே 1963-ல் கண்டார்; மீண்டும் பாடவைத்துப் பதிவும் செய்தார்.

குணம் கூறிய நாம் குற்றமும் கூறுதல் முறையாகும். முதலாவது, இத்தொகுப்பு ஒருவரது தேர்வு. அதிலுள்ள பதிவுகள் பெரும்பாலும் 1927 முதல் 1932 வரை வணிகத்திற்கு வந்த தட்டுக்களே. தட்டில் ஏறாத பாடகர் எண்ணிறந்தோர். இரண்டாவது, 1952-ல் இது தட்டுக்களை முதலில் வெளியிட்ட நிறுவனங்களின் இசைவு பெறாமலே வெளிவந்தது. உரிய இசைவுகளுடன் வெளிவந்தது 1997-ஆம் ஆண்டுப் பதிப்பேயாம். மூன்றாவது, பழையது என்பதனாலேயே ஒன்று போற்றத்தக்கதாகிவிடாது. ஸ்மித் எடுத்துக்கொண்ட தட்டுக்களின் மறுபக்கப் பாடல்களைச் சிலர் 2020-ல் ஒரு தொகுப்பாக்கினர். அவற்றுள் மூன்று, மற்றோர் இனத்தவரை இழித்துரைக்கும் சொற்கள் உடைமையின், வேண்டுமென்றே விடப்பட்டன. எடுப்பதிற் போலவே விடுப்பதிலும் தொகுப்பாளர்க்குப் பொறுப்புண்டு.

இவற்றால் மாணவர் கொள்ளத்தக்க முறை நான்கு. ஒரு தொகுப்பு கையிற் கிடைத்தால் முதலில் அதன் வரிசை மாறாமல் முழுவதும் கேட்க. தொகுத்தவர் கருத்து வரிசையிலேயே அடங்கியிருக்கின்றது. இரண்டாவது, ஒவ்வொரு பாட்டுக்கும் பாடினவர், ஊர், ஆண்டு, கருவி என்னும் நான்கினையும் ஓர் ஏட்டிற் குறித்துக் கொள்க. மூன்றாவது, மனத்தைக் கவர்ந்த பாடகர் ஒருவரைத் தெரிந்துகொண்டு, அவர் பாடிய பிறவற்றையும் தேடுக. தொகுப்பு ஒரு வாயிலேயன்றி வீடன்று. நான்காவது, இதில் இல்லாதவர் யாவர், ஏன் இல்லை என்று வினவுக. இந்நான்கும் செய்யாது கேட்பவன், பந்தியில் அமர்ந்து உண்டபின் சமைத்தவர் யாரென்று கேளாது எழுந்து போவானை ஒப்பான்.

முடிவாக ஒன்று. தொகுப்பு வெளிவந்தது 1952-ல். ஹர்ட்டைக் கண்டது 1963-ல். இடையே பதினொரு ஆண்டுகள் ஆயிரமாயிரம் பேர் அவர் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தனர். அவரோ கூலிக்கு மாடு மேய்த்துக் கொண்டிருந்தார். கண்டபின் அவர் வாழ்ந்தது மூன்றாண்டுகளே, 1966-ல் காலமானார். அப்பதினோராண்டுகளை அவருக்குத் திருப்பித் தருவார் எவருமிலர். ஆதலின் மாணவ நண்பர்களே, பெயரறியாத ஒரு குரல் உங்கள் உள்ளத்தைத் தொடுமாயின் அன்றே எழுந்து அதற்குரியவரைத் தேடுங்கள். தட்டு காத்திருக்கும், பாடகர் காத்திரார்.