பிளாக்கில் விரிசல் விழுவது ஏன்?

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில், ஊரப்பாக்கம் பக்கம் கோடையில் போயிருக்கிறீர்களா? முன்மூடியைத் திறந்து வைத்து, ஆவி பறக்க, ஓரமாக நிற்கும் டீசல் பிக்கப் வண்டிகள் கண்ணில் படும். ஓட்டுநர் அவசர அவசரமாக ஒரு வாளித் தண்ணீருடன் வருவார். எஞ்சினைப் பாழாக்க அந்த ஒரு வாளி போதும்.

எஞ்சினின் உடலை மெக்கானிக்குகள் ‘பிளாக்’ என்பார்கள். பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் அது வார்ப்பிரும்பாலானது. உருளைகளைச் சுற்றி நீர் ஓட வழி விட்டு, ஒரே வார்ப்பாக வார்த்திருப்பார்கள். டீசல் எஞ்சினில் தீப்பொறி தருவதற்கென்று எதுவும் கிடையாது. காற்றை 15 முதல் 20 மடங்கு வரை நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைக்கிறது. ஆகவே அதன் சுவர்கள் தாங்கும் அழுத்தம் மிக அதிகம்.

இப்போது ஒரு கணக்கு. கொதிக்கும் பிளாக்கின் ஒரு பகுதியில் மட்டும் குளிர்நீர் படுகிறது. அந்தப் பகுதி சுருங்கப் பார்க்கிறது. சுற்றியுள்ள சூடான இரும்பு விடுவதில்லை. தடுக்கப்பட்ட சுருக்கம் இழுவிசைத் தகைவாக மாறுகிறது.

தகைவு = யங் குணகம் × நீள் விரிவுக் குணகம் × வெப்பநிலை வேறுபாடு.

வார்ப்பிரும்பின் யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1,10,000 நியூட்டன். விரிவுக் குணகம் டிகிரிக்கு 0.0000105. வேறுபாடு 150 டிகிரி செல்சியஸ் என்றால் தகைவு ஏறத்தாழ 173 நியூட்டன். ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் 17 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம்! சாதாரணச் சாம்பல்நிற வார்ப்பிரும்பு 200 அல்லது 250 நியூட்டனில் அறுந்துவிடும். சுருக்கம் முழுவதுமாகத் தடுக்கப்படும் கடுமையான நிலைக்கு உரிய கணக்கு இது. ஆனால் பழைய வண்டி இத்தகைய அதிர்ச்சிகளை எத்தனை முறை பட்டிருக்கிறதோ, யார் கண்டது?

வார்ப்பிரும்பின் உள்ளே கிராஃபைட் செதில்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு செதிலும் ஒரு குட்டிப் பிளவு போன்றது. அமுக்கினால் பிளவு மூடிக்கொள்ளும். இழுத்தால் வாய் திறக்கும். அமுக்கத்தை இழுவிசையைப் போல் மூன்று நான்கு மடங்கு அது தாங்குவதற்குக் காரணம் இதுதான். கூரான நுனியில் தகைவு பல மடங்கு குவியும் என்பதை 1913-இல் இங்லிஸ் என்ற ஆங்கிலேயர் கணிதத்தால் காட்டினார். விரிசலின் நுனியில் சிறு துளை போட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்தும் பட்டறை வழக்கத்தின் தத்துவமும் அதுவே. கூர்மையை மழுக்கிவிட்டால் குவியலும் குறைந்துவிடும்.

சில சமயம் குறை வார்ப்பிலேயே இருக்கும். அமெரிக்காவில் டாட்ஜ் பிக்கப் வண்டிகளில் பொருத்தப்பட்ட கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சின்களில், 1990-களின் இறுதியை ஒட்டி வந்த சில பிளாக்குகளில் ‘53’ என்ற வார்ப்பு எண் இருக்கும். அவற்றில் நீர்ப்பாதையின் வெளிச்சுவர் மெல்லியது. அங்கே நீளவாக்கில் விரிசல் விழுந்தது. அங்கே பழைய வண்டி வாங்குவோர் இன்றும் குனிந்து அந்த எண்ணைத் தேடுகிறார்கள்.

நம் பக்கத்துத் தொல்லை வேறு. ரேடியேட்டரில் குளிர்விப்பு திரவத்துக்குப் பதில் போர்வெல் தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் அதே வெள்ளை உப்பு நீர்ப்பாதையிலும் படியும். அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. படிவு தடித்த இடத்தில் இரும்பு தனியாகச் சூடேறும்.

உங்கள் வீட்டில் சேமிப்பையெல்லாம் போட்டுப் பழைய பிக்கப் வாங்கப் போகிறார்களா? நீங்களும் உடன் போங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது எண்ணெய் அளவுகோலை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கலாம். வெளியே ஒழுகாமலே ரேடியேட்டர் நீர் குறைவதும், புகைக்குழாயில் ஓயாமல் வெண்புகை வருவதும் அதே சந்தேகத்தைத் தருபவை. ஹெட் காஸ்கெட் பழுதானாலும் இவையே தோன்றும் என்பதால் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். புதிதாகப் பெயின்ட் பூசிய பிளாக்கைக் கண்டால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை! சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் தொடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்ததும் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

வெளிவிரிசலைக் கண்டுபிடிக்கப் பழைய பட்டறை உத்தி ஒன்று உண்டு. ஆறிய பிளாக்கைச் சுத்தமாகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் விடுவார்கள். பிறகு உலரத் துடைத்துச் சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசுவார்கள். நுண்புழை ஏற்றத்தால் விரிசலுக்குள் இறங்கிய மண்ணெண்ணெயைப் பொடி உறிஞ்சி வெளியே இழுக்கும். வெள்ளைப் பரப்பில் மயிரிழை போல ஓர் ஈரக்கோடு மெல்லத் தெரியும். விரிசல் விட்ட பீங்கான் தட்டில், அடுப்பு இல்லாத இடத்தில், இதை நீங்களே செய்து பார்க்கலாம்.