சென்னை–மதுரை: வானில் எவ்வளவு நேரம்?

சென்னை, மதுரை விமான நிலையங்களுக்கு இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 420 கி.மீ.; சாலை வழியே 450 கி.மீ.க்கு மேல். பயணச்சீட்டில் காணும் ஒன்றேகால் மணி நேரம் முழுவதும் பறக்கும் நேரமல்ல. நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்து, ஓடுதளத்தில் காத்திருந்து, இறங்கி, மீண்டும் நிற்கும்வரை எல்லாம் அதில் அடங்கும். ஜெட்டைவிட, சுழல்விசிறி கொண்ட ஏ.டி.ஆர். விமானம் மெதுவானது என்றாலும், இவ்வளவு குறுகிய தூரத்தில் வித்தியாசம் சில நிமிடங்கள்தான்.

நேரத்தைத் தின்பது தரைதான். பெட்டியை ஒப்படைக்கும் கவுண்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். இரண்டு மணி நேரம் முன்னதாகச் சேர்வது நல்லது. வீட்டிலிருந்து வீடுவரை கணக்கிட்டால் நான்கைந்து மணி நேரம் ஆகிவிடும். சென்னை எழும்பூர் ரயில் நிலையம் அருகே வசிப்பவர்களுக்கு, ஆறு மணி நேரத்துக்குள் மதுரை சேர்க்கும் வந்தே பாரத் ரயில் பெரிதாகப் பின்தங்கியதல்ல.